காலந் தாழ்ந்த தீர்ப்பு: டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் வாழ்க்கை

உண்மையைக் கண்டவரை ஊர் ஒறுத்த கதை என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருபவர் கலிலியோ. அது ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் நடந்தது. அறியாமை மிகுந்த காலம், அப்படித்தான் இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். நண்பர்களே, அதுபோன்ற கதை ஒன்று நம் நாட்டிலேயே, நம் பெற்றோர் சிறு பிள்ளைகளாயிருந்த நாளில், கல்கத்தா நகரில் நடந்தது. அதனை நடத்தியவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். பட்டமும் பதவியும் பெற்ற பெரியோர்கள். ஒறுக்கப்பட்டவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. முகோபாத்யாய் என்றும் அவர் பெயரை எழுதுவர்.

அவர் செய்தது என்ன? பிள்ளையில்லாத ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பெறும் வழியைக் காட்டினார். இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை அவர் கையால் உருவாயிற்று. உலகில் அதற்கு முன் அப்படிப் பிறந்த குழந்தையாகப் பெயர் பெற்றது இங்கிலாந்தின் லூயிஸ் பிரவுன் ஒன்றே. அப்பெரும் செயலுக்கு நாடு அவருக்குக் கொடுத்த பரிசு, பொய்யர் என்ற பட்டம். விஞ்ஞானம் படிக்கும் மாணவர்களும், விஞ்ஞானத்தின் பயனை நாளை நாடப் போகும் மற்றை மாணவர்களும் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அது. ஆதலின் எழுதத் துணிந்தேன்.

இளமையும் கல்வியும்

சுபாஷ் முகர்ஜி 1931-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16-ஆம் நாள் ஹசாரிபாக் நகரில் பிறந்தார். அந்நகர் இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ளது. கல்கத்தாவில் உடலியல் பயின்றார். பின்னர் கல்கத்தா நேஷனல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1955-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

மருத்துவப் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் அந்நாளில் ஒரு பலகையை மாட்டிவிட்டு உட்கார்ந்தால் போதும். பணமும் மதிப்பும் தாமே வரும். முகர்ஜி அவ்வழியில் போகவில்லை. உயிர் உண்டாகும் முறை எப்படி என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1958-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இனப்பெருக்க உடலியலில் டாக்டர் பட்டம் பெற்றார். அத்தோடு நிற்காமல் ஸ்காட்லாந்து சென்று, எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் 1967-இல் இரண்டாவது டாக்டர் பட்டமும் பெற்றார்.

எடின்பரோவில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஜான் லோரெய்ன். சிறுநீரில் கரைந்து வெளியேறும் ஹார்மோன்களைத் துல்லியமாக அளப்பதில் அந்நாளில் பெயர் பெற்றவர் அவர். ஒரு பெண்ணின் உடலுக்குள் எந்த நாளில் எந்த ஹார்மோன் ஏறுகிறது, எந்த நாளில் இறங்குகிறது என்பதை, உடலைக் கீறாமலே வெளியிலிருந்து படித்தறியும் கலை அது. முகர்ஜி அந்தக் கலையில் தேர்ந்து நாடு திரும்பினார். மேல்நாட்டில் தங்கியிருக்கலாம், தங்கவில்லை. கல்கத்தா நீலரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் உடலியல் ஆசிரியரானார். பின்னாளில் பாங்குராவிலுள்ள மருத்துவக் கல்லூரிக்கும் சென்று பணியாற்றினார். துணைவியார் நமிதா ஒரு பள்ளி ஆசிரியை. அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை; ஆராய்ச்சியே வீட்டின் பிள்ளையாக வளர்ந்தது.

முட்டையின் கணக்கு

முகர்ஜி செய்த பணியின் அருமையை உணர வேண்டுமானால் முதலில் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆண் உடல் விந்தணுக்களை நாள்தோறும் புதிதாக ஆக்கிக்கொண்டே இருக்கிறது. பெண்ணுடலின் நிலை வேறு. அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் அனைத்தும் உண்டாகிவிடுகின்றன. பிறக்கும்போது இரண்டு சினைப்பைகளிலும் சேர்ந்து சுமார் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும். பூப்பெய்தும்போது 3 அல்லது 4 லட்சமே மிஞ்சும். வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிப்படுவன 400, 500 மட்டுமே. மற்றவை தாமாகவே கரைந்து போகின்றன. வயது முப்பத்தைந்தைத் தாண்டும்போது எண்ணிக்கையும் வேகமாகக் குறைகிறது, முட்டையின் தரமும் குறைகிறது. ஏறத்தாழ ஐம்பதில் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. சிலருக்கோ நாற்பது நிறையுமுன்பே சினைப்பை தளர்ந்துவிடும். நூற்றுக்கு ஒருவர் இப்படி என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்ட கணக்கு. அண்மைக் கணக்குகள் அதனினும் கூடுதலாகக் காட்டுகின்றன.

நான் வளர்ந்த மீனாட்சிபுரம் பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. ஆட்சி கேரளத்தினுடையது, வீட்டுப் பேச்சு தமிழ். மருத்துவத்துக்குப் பாலக்காட்டுக்கும் போவோம், பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் போவோம். அங்கே பிள்ளையில்லாத பெண்ணின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! வளைகாப்பு வீட்டில் அவள் முன்னே வரமாட்டாள். வந்தாலும் வளையல் போட அழைக்கமாட்டார்கள். என் சின்னம்மா ஒருவர் அப்படி ஓரமாக நின்றவர். கோயில் மரத்தில் தொட்டில் கட்டினார், கஷாயம் குடித்தார், ஆண்டுகள் ஓடின. முப்பத்து மூன்று வயதில் மாதவிலக்கு ஒழுங்கு தவறியது. அதன் பின்னரே நகரத்து மருத்துவமனைக்குப் போனார்கள். சினைப்பையில் முட்டை மிகக் குறைந்துவிட்டதென்று சோதனை சொல்லிற்று. ஊசியைக் கூட்டிப் போட்டால் முட்டை கூடுமா என்று, விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை என்பதால் என்னைக் கேட்டார்.

கூடாது என்பதே உண்மையான விடை. எந்த ஊசியும் இல்லாத முட்டையை உண்டாக்காது. இருப்பவற்றுள் அந்த மாதம் விழித்துக்கொள்ள ஆயத்தமாய் உள்ளவற்றை எழுப்பும், அவ்வளவே. அந்த எழுப்பும் மருந்தின் கதை வியப்பானது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களை அனுப்புகிறது. சினைப்பை செவிசாய்த்தால் சுரப்பி தணிகிறது. சினைப்பை ஓய்ந்துவிட்டாலோ, செவிடரிடம் பேசுபவர் குரலை உயர்த்துவது போலச் சுரப்பி மேலும் மேலும் சுரக்கிறது. அதனால் மாதவிலக்கு நின்ற முதிய பெண்களின் சிறுநீரில் அந்த ஹார்மோன் மிகுதியாக இருக்கும். இத்தாலியில் பியரோ டோனினி என்ற அறிஞர் 1949-இல் அதனைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டார். முதிய கன்னிமாடத் துறவியரின் சிறுநீர் அதற்குப் பயன்பட்டது. அம்மருந்தினால் 1962-இல் இஸ்ரேல் நாட்டில் முதற் குழந்தை பிறந்தது. பிள்ளைப்பேற்றையே துறந்த பெண்களிடமிருந்து பிள்ளையில்லாத பெண்களுக்கு மருந்து வந்தது! எச்.எம்.ஜி. என்பது அதன் சுருக்கப் பெயர்.

சிறுநீர் ஹார்மோனை அளக்கும் கலையை எடின்பரோவில் கற்றுவந்த முகர்ஜிக்கு இம்மருந்தின் இயல்பு நன்கு விளங்கியது. அதனை அவர் கையாண்ட விதத்தில்தான் அவருடைய தனிப் பெருமை இருக்கிறது.

துர்க்கா

முகர்ஜியிடம் வந்த பெண்ணுக்குச் சினைப்பையில் குறையில்லை, கருக்குழாய்கள் பழுதுற்றிருந்தன. முட்டை உண்டு, அது கருப்பைக்கு வரும் பாதை இல்லை. முட்டையை வெளியே எடுத்துக் கணவரின் விந்தணுவோடு கண்ணாடிக் கலத்தில் சேர்த்து, உண்டான கருவை உள்ளே வைப்பதுதான் வழி.

இங்கிலாந்தில் எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ என்ற இருவரும் இம்முயற்சியில் பல்லாண்டு உழைத்து வந்தனர். அவர்களும் தொடக்கத்தில் ஊசி மருந்தால் முட்டைகளைத் தூண்டிப் பார்த்தார்கள். கரு உண்டாயிற்று, ஆனால் கருப்பையில் தங்கிப் பிள்ளையாகவில்லை. ஆகவே மருந்தைக் கைவிட்டு, இயற்கையாக மாதம் ஒன்றாக முதிரும் முட்டையையே எடுத்து வெற்றி கண்டனர். 1978 ஜூலை 25-இல் லூயிஸ் பிரவுன் பிறந்தாள்.

முகர்ஜி வேறு வழி கண்டார். மருந்து பல முட்டைகளை முதிரச் செய்கிறது, அது நன்மை. அதே மருந்து கருப்பையின் உட்படலத்தைக் காலம் பிறழச் செய்துவிடுகிறது, அது தீமை. நன்மையை வைத்துக்கொண்டு தீமையை எப்படி விலக்குவது? விதை ஆயத்தம், நிலம் ஆயத்தமில்லை என்றால் உழவர் என்ன செய்வார்? விதையைப் பத்திரப்படுத்திவிட்டு அடுத்த பருவத்துக்குக் காத்திருப்பார். முகர்ஜியும் அதையே செய்தார். கருவைக் குளிரில் உறையவைத்து, கருப்பை இயல்பு நிலைக்குத் திரும்பிய பிறகு வைத்தார்.

இதில் அவருக்குத் துணை நின்றவர் இருவர். உறைகுளிர் முறையில் வல்ல சுனீத் முகர்ஜி ஒருவர். மகப்பேற்று மருத்துவர் சரோஜ்காந்தி பட்டாசார்யா மற்றொருவர். முட்டை எடுக்க ஸ்டெப்டோ வயிற்றுப் பக்கமாகக் கருவியைச் செலுத்தினார். முகர்ஜியின் குழு பிறப்புறுப்பின் வழியாகவே சிறு கீறல் செய்து எடுத்தது. உறையும்போது பனிப்படிகம் உயிரணுவைக் கிழித்துவிடாமல் இருக்க, டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற பொருளைப் பயன்படுத்தினார்கள். 53 நாட்கள் கரு உறைநிலையில் இருந்தது. பிறகு குளிர் நீக்கித் தாயின் கருப்பையில் வைத்தார்கள்.

மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊரில் இது எப்படி இயலும் என்று எவரும் கேட்கலாம். திரவ நைட்ரஜனுக்கு மின்சாரம் தேவையில்லை. வெப்பம் புகாத குடுவையில் ஊற்றி, குறையக் குறைய நிரப்பிக்கொண்டிருந்தால் அது சுழிக்குக் கீழே 196 பாகை செல்சியஸ் குளிரில் பொருளைக் காக்கும். எலியின் கருவை இவ்வாறு உறையவைத்து உயிர்ப்பிக்கலாமென்று 1972-லேயே மேல்நாட்டில் காட்டியிருந்தார்கள். முகர்ஜி மந்திரம் எதுவும் செய்யவில்லை. பிறர் விலங்குகளில் கண்டதை மனிதக் கருவுக்குத் துணிந்து கொண்டுவந்தார்.

1978 அக்டோபர் 3-ஆம் நாள் கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்க்கை பூசைக் காலத்தை ஒட்டிப் பிறந்தமையால் துர்க்கா என்ற பெயரால் உலகறிந்தது. லூயிஸ் பிரவுன் பிறந்து 70 நாட்களே ஆகியிருந்தன. இந்த 70 நாட்கள் என்ற கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்துச் செய்தி உலகெங்கும் பரவிய நாளில் துர்க்கா ஏறத்தாழ ஏழு மாதக் கருவாகத் தாய் வயிற்றில் வளர்ந்துகொண்டிருந்தாள். பிறர் வெற்றியைப் பார்த்துச் செய்தார் என்று சொல்ல இடமேயில்லை.

விசாரணை

செய்தி வெளிவந்ததும் வியப்பு எழுந்தது. வியப்பின் பின்னே ஐயம் எழுந்தது. ஐயத்தின் பின்னே பொறாமையும் எழுந்தது. 1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு ஒரு குழுவை அமைத்து விசாரிக்கச் சொல்லிற்று. அக்குழுவுக்குத் தலைவராக வந்தவர் வானொலி அலைகளை ஆராயும் இயற்பியலார். மனித முட்டையையும் கருவையும் கையாண்டு பழகியவர் அக்குழுவில் எவரும் இல்லை. முகர்ஜியின் கூற்று நம்பத்தகாதது என்று முடிவு சொன்னார்கள்.

நடுநிலையோடு ஒன்றைச் சொல்லவேண்டும். ஐயப்படுவது விஞ்ஞானத்தின் கடமை. முகர்ஜி தம் முறையை விரிவாக வெளியிட்டிருக்கவில்லை. உறைகுளிர் விஞ்ஞான இதழ் ஒன்றில் 1978-இல் வந்த சிறு குறிப்பே அச்சில் இருந்தது. குழந்தையின் பெற்றோர் ஊர்வாய்க்கு அஞ்சித் தங்களை வெளிக்காட்ட விரும்பவில்லை. நோயாளியின் மறைவைக் காப்பது மருத்துவரின் அறம் என்பதால் முகர்ஜியும் அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. மேலும், சோதனைக் குழாயில் உருவான குழந்தையையும் இயற்கையாக உருவான குழந்தையையும் வேறுபடுத்திக் காட்டும் சோதனை எதுவும் கிடையாது. ஆகையால் ஐயம் எழுந்ததில் தவறில்லை.

தவறு அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. ஐயம் உண்மையானதாக இருந்தால் அதைத் தீர்க்கும் வழி ஒன்றுதான். ஆய்வுக் குறிப்பேட்டை அத்துறை தெரிந்தவர்களிடம் கொடுத்துப் படிக்கச் செய்ய வேண்டும். இடமும் கருவியும் உதவியாளரும் கொடுத்து, எங்கள் கண் முன்னே மறுபடி செய்து காட்டும் என்று சொல்லவேண்டும். இரண்டும் நடக்கவில்லை. 1979-இல் ஜப்பான் நாட்டுக் கியோட்டோப் பல்கலைக்கழகத்தார் தங்களிடம் வந்து பேசுமாறு அழைத்தனர். அரசு ஊழியராகிய அவருக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் கேட்க விரும்பினார்கள், தெரியாதவர்கள் தடுத்தார்கள். இதைவிடக் கொடுமை வேறு உண்டோ!

மறைவு

அடுத்த ஆண்டுகள் துன்பத்தில் கழிந்தன. நெஞ்சு நோய் கண்டது. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் அவரைக் கல்கத்தாவிலுள்ள கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். இனப்பெருக்க ஹார்மோனில் இரண்டு டாக்டர் பட்டம் பெற்றவருக்குக் கண் மருத்துவ நிலையத்தில் என்ன வேலை? தாம் வாழ்நாளெல்லாம் கற்ற கல்வியை இனிப் பயன்படுத்தவே இயலாது என்ற நிலை வந்தது. 1981 ஜூன் 19-ஆம் நாள் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பது.

அம்முடிவை நான் போற்றவில்லை, போற்றவும் கூடாது. அவர் இன்னும் சில ஆண்டுகள் இருந்திருந்தால் உலகமே அவர் வழிக்கு வருவதைக் கண்ணாரக் கண்டிருப்பார். ஆய்வுக்கூடத்திலோ விடுதியிலோ நம் நண்பர் ஒருவர் மனமுடைந்து ஒதுங்குவதைக் கண்டால், அவரைத் தனியே விடாமல் பக்கத்தில் போய் உட்காருவது நம் கடமை. மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்வதும் அக்கடமையில் அடங்கும். முகர்ஜியின் கடைசி நாட்கள் நமக்குச் சொல்லும் பாடங்களில் இதுவும் ஒன்று.

அவர் மறைந்த அதே 1981-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அதற்குத் தாயைத் தூண்டிய மருந்து எது? முகர்ஜி பயன்படுத்திய அதே எச்.எம்.ஜி. மருந்துதான். 1984-இல் ஆஸ்திரேலியாவில், உறையவைத்த கருவிலிருந்து பிறந்த உலகின் முதற் குழந்தை என்று சோயி என்ற பெண் குழந்தை கொண்டாடப்பட்டது. துர்க்காவுக்கு அப்பொழுது வயது ஐந்து!

ஓர் அறிஞரின் நேர்மை

1986 ஆகஸ்டு 6-ஆம் நாள் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் ஹர்ஷா என்ற பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும், இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ஆனந்தகுமாரும் சேர்ந்து அடைந்த வெற்றி அது. இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று நாடு பாராட்டிற்று. அவர்களும் உண்மையாக உழைத்தவர்கள். அவர்கள் பணியில் குறையொன்றுமில்லை. துர்க்காவை நாடு மறந்திருந்தது.

1997-இல் ஆனந்தகுமார் ஒரு மாநாட்டுக்காகக் கல்கத்தா சென்றார். அங்கே முகர்ஜியின் குறிப்புகளும் கடிதங்களும் அவர் கைக்கு வந்தன. அவற்றை வரி வரியாகப் படித்தார். முட்டையைத் தூண்டிய முறை, எடுத்த முறை, உறையவைத்த முறை, மீண்டும் வைத்த முறை யாவும் பொருந்தி வரக் கண்டார். 1978-இல் குழுவினர் செய்திருக்க வேண்டிய வேலை அது. பத்தொன்பது ஆண்டு கழித்து ஒருவர் செய்தார்.

படித்து முடித்த ஆனந்தகுமார் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். முதல்வர் என்ற மகுடம் தம் தலையில் இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் அது தலையிலேயே இருந்திருக்கும், கேட்பார் எவருமில்லை. அவரோ கரண்ட் சயின்ஸ் இதழில் அவ்வாண்டே கட்டுரை எழுதி, இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் சுபாஷ் முகர்ஜியே என்று அறிவித்தார். தம் மகுடத்தைத் தாமே எடுத்து, மறைந்த மனிதரின் தலையில் வைத்தார். பட்டங்களும் பரிசுகளும் பெற்றவர் ஆயிரம் பேர் உண்டு. இத்தகைய செயல் செய்தவர் எத்தனை பேர்?

2003-இல், இருபத்தைந்து வயது நிறைந்த துர்க்கா, தாமே மக்கள் முன் வந்து தம் பிறப்பின் உண்மையைச் சொன்னார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் முகர்ஜியின் பணியை ஏற்றுக்கொண்டது. இதற்கிடையே 1990-இல், தபன் சின்ஹா எடுத்த ஏக் டாக்டர் கி மௌத் என்ற இந்திப் படம் அவர் வாழ்வைத் தழுவி வந்திருந்தது. அதில் தொழுநோய்த் தடுப்பு மருந்து கண்டவராகக் கதையை மாற்றியிருந்தார்கள்.

இன்றைய நிலை

முகர்ஜி கண்ட வழி இன்று எங்கே இருக்கிறது? எல்லா ஊரிலும் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1990-இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் முயற்சியால் பிறந்தது. இன்று கோயம்புத்தூரிலும் பாலக்காட்டிலும் இச்சிகிச்சை கிடைக்கிறது. ஊசியால் பல முட்டைகளைத் தூண்டுவது, பிறப்புறுப்பின் வழியாக எடுப்பது, கருவை உறையவைத்து அமைதியான வேறொரு மாதத்தில் வைப்பது ஆகிய மூன்றும் இன்று அன்றாட வேலை. இப்பொழுது ஒலி அலைக் கருவியில் பார்த்து ஊசியால் எடுக்கிறார்கள். உறையவைப்பதையும் மிக விரைவாகச் செய்கிறார்கள். வழி அவர் சென்ற வழியே.

சினைப்பை தளர்ந்த பெண்ணுக்கு இம்மூன்றும் பெருந்துணை. ஒரு மாதத்தில் ஒன்றிரண்டு முட்டையே கிடைத்தாலும், பல மாதம் சிறுகச் சிறுக எடுத்துக் கருவாக்கி உறைகுளிரில் சேர்த்து வைக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகும் இளம்பெண், சிகிச்சை சினைப்பையைக் கெடுக்குமுன் முட்டையை எடுத்து உறையவைக்கலாம். தாய்க்கும் தமக்கைக்கும் இளமையிலேயே மாதவிலக்கு நின்ற குடும்பத்துப் பெண், இருபதுகளிலேயே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஏ.எம்.எச். என்ற இரத்தச் சோதனை மிச்சமுள்ள முட்டையின் அளவை ஓரளவு காட்டும், தரத்தைக் காட்டாது. தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது.

முட்டை அறவே தீர்ந்துபோனால், வேறொரு பெண் அளிக்கும் முட்டையைக் கொண்டு கருத்தரிக்கலாம். சினைப்பை தளர்ந்தாலும் கருப்பை தளர்வதில்லை. ஹார்மோன் கொடுத்தால் அது கருவை ஏற்கும். சினைப்பை ஓய்ந்த பெண் ஒருவர் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழுவின் உதவியால் 1983-இல் இவ்வாறு பிள்ளை பெற்றார். இந்தியாவில் 1991-இல் இந்திரா ஹிந்துஜா இதனைச் செய்து காட்டினார். 2021-இல் வந்த இந்தியச் சட்டத்தின்படி முட்டை அளிப்பவர் 23 முதல் 35 வயதுக்குட்பட்டவராயிருக்க வேண்டும்; வாழ்நாளில் ஒரே முறைதான் அளிக்கலாம்; ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50 வரை வயது எல்லை.

இரத்தத் தட்டணுக்களைச் சினைப்பையில் செலுத்தி அதை மீண்டும் இளமையாக்குவோம், மூல உயிரணு கொண்டு முட்டை முளைக்கச் செய்வோம் என்ற விளம்பரங்களும் வருகின்றன. அவை இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளன. உறுதியான சான்று இல்லை. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று. நாற்பதுக்கு முன்பே மாதவிலக்கு நின்ற பெண், பிள்ளை வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஹார்மோன் இன்மையால் எலும்பும் இதயமும் கெடாமல் காக்க மருந்து உண்டு. ஊரார் பிள்ளை ஒன்றையே பேசுவார்கள். அவள் எலும்பைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

பிறர் முட்டையால் பிறக்கும் பிள்ளை யார் பிள்ளை என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள். சின்னம்மாவும் சித்தப்பாவும் இன்னும் முடிவு செய்யவில்லை. தத்தெடுப்பதையும் எண்ணிப் பார்க்கிறார்கள். முடிவு அவர்களுடையது. வழிகள் இன்னவை என்று தெரிந்தபின் முடிவு செய்யும் உரிமையாவது அவர்களுக்கு இருக்கிறது. அந்த வழிகளைத் திறந்தவர்களுள் ஒருவரைத்தான் பொய்யர் என்று சொன்னோம்.

1978-இல் முகர்ஜிக்கு ஓர் ஆய்வுக்கூடமும் நான்கு மாணவர்களும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? துர்க்காவுக்கும் ஹர்ஷாவுக்கும் இடையே எட்டு ஆண்டுகள் சென்றன. நாட்டுக்கு எட்டு ஆண்டுகள் பெரிதல்ல என்று அரசாங்கங்கள் நினைக்கலாம். 1978-இல் முப்பத்தைந்து வயதாயிருந்த ஒரு பெண்ணுக்கு 1986-இல் நாற்பத்து மூன்று வயது. அவளுடைய சினைப்பை எந்தக் குழுவின் தீர்ப்புக்கும் காத்திருக்காது. பிந்தி வந்த தீர்ப்பு முகர்ஜிக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது. அப்பெண்களுக்கு எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை ஆய்வாளர்களாவோம், சிலர் அதிகாரிகளாவோம், சிலர் விசாரணைக் குழுக்களில் உட்காருவோம். எவரோ ஒருவர் சிறிய ஊரிலிருந்து, சிறிய கருவியோடு, பெரிய செய்தியொன்றைக் கொண்டுவந்து நம் மேசை மேல் வைப்பார். நம்ப வேண்டியதில்லை. ஆனால் குறிப்பேட்டைத் திறந்து படியுங்கள். நமக்குத் தெரியாத துறையானால் தெரிந்தவரை அழையுங்கள். மறுபடி செய்து காட்ட இடம் கொடுங்கள். சுபாஷ் முகர்ஜிக்கு நாம் எழுப்பக் கூடிய சிலை அதுவே.